உருட்டிப் பிழைக்கிறேன், சார்!

"என்ன சார் இது... மேஜை மேல பில்லியர்ட்ஸ் பந்து?"

எங்கள் வீட்டுக்குள் நுழைகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பிகூடக் கேட்டுவிட்டார். கீழ் வீட்டு மாமா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கறுப்பாக, பளபளப்பாக, உருண்டையாக ஒன்று பீடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "சாளக்கிராமமா? பேஷ்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இல்லை மாமா... மௌஸ்!"

"ஐயோ, எலியா?" என்று இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இதன் பெயர் டிராக்பால். எலிக்கு உறவு, ஆனால் எலி இல்லை. மௌஸ் என்றால் மொத்த ஆசாமியையும் பிடித்து மேஜை மேல் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். இது வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். மேலே ஒரு பந்து. விரல் நுனியால் அதை இப்படி அப்படி உருட்டினால் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி ஓடும். சுற்றிலும் நாலு பட்டன். அவ்வளவுதான் விஷயம்.

இந்த 'அவ்வளவுதான் விஷய'த்துக்கு எட்டாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு செய்தவன் நான். 'பி.காம். படித்தவன் செய்கிற காரியமா இது?' என்று கேட்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுக்கவும். வவுச்சர் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டிலும் மாதச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது. எழுதினால் காசு, எழுதாவிட்டால் வயிற்றில் ஈரத்துணி. இப்படிப்பட்டவனுக்கு 2022 மார்ச் கடைசி வாரத்தில் வலது மணிக்கட்டில் சுருக்கென்று ஒன்று... கட்டெறும்பு கடித்த மாதிரி. வருஷக் கடைசி ஆயிற்றே, எறும்பைக் கவனிக்க யாருக்கு நேரம்? ஏப்ரல் பிறந்ததும் எறும்பு தேளாகிவிட்டது. டபராவிலிருந்து டம்ளரைத் தூக்கினால் விரல்கள் நழுவின. பைக்கில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முழங்கை வரை கரண்ட் பாய்ந்தது.

நான் கணக்கு எழுதுகிற கடைகளில் ஒன்று ஹார்டுவேர் கடை. "அண்ணாச்சி, கை ரொம்ப வலிக்குது. ரிட்டர்ன் வேலை ரெண்டு நாள் தள்ளிப் போகும்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தார். அங்கே சிமென்ட் மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

"நூறு கிராம் எலியை நகத்தியா தம்பி கை போச்சு?"

கடையே சிரித்தது. அசடு வழிய நானும் சிரித்தேன். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலித்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. எலி பிடிக்கிறவனுக்குக் கை வலித்தால் அது ஜோக். அன்றோடு யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணக்கு எழுதுகிறவர்களுக்கு டாலி ஒன்றுதான் வேலை என்றால் பிரச்னையே இல்லை; அதை முழுக்க முழுக்கக் கீபோர்டிலேயே ஓட்டிவிடலாம். பாங்க் ஸ்டேட்மென்ட், எக்ஸெல், ரிட்டர்ன் போடுகிற வெப்சைட்... இங்கெல்லாம்தான் கிளிக், கிளிக், கிளிக். போதாக்குறைக்கு எங்கள் ஜாதிக்கு, அதாவது கணக்குப் பிள்ளை ஜாதிக்கு, கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடு இல்லாமல் உயிர் வாழ முடியாது. அந்த நம்பர் பேடுக்கு அப்பால்தான் மௌஸுக்கு இடம். ஆக, வலது கை எப்போதும் உடம்பை விட்டு விலகி, தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, சிறகொடிந்த கோழி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நம்பர் பேடுக்கு ஒரு ஓட்டம், மௌஸுக்கு ஒரு ஓட்டம். எடை நூறு கிராம்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் என்பதை அண்ணாச்சி கணக்கில் சேர்க்கவில்லை.

எலும்பு டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார், திருகிப் பார்த்தார். "ரெண்டு வாரம் கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார்.

"கைக்கு ரெஸ்ட் குடுத்தா வாய்க்கும் ரெஸ்ட் குடுக்கணுமே டாக்டர்!"

அவர் சிரிக்கவில்லை. ஒரு பட்டை, சில பயிற்சிகள், மேஜை நாற்காலி உயரத்தைச் சரிசெய்யச் சொல்லி ஒரு குட்டிப் பிரசங்கம். வீட்டுக்கு வந்து பட்டையைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். காரணம், என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளுக்குப் புதுக் கவலை எதற்கு? எனக்கு மட்டும் ராத்திரிகளில் ஒரு கவலை. டம்ளரே நழுவுகிற கையில் பிள்ளையை எப்படித் தூக்குவது?

அந்த மாதம்தான் ஐந்தாம் மாத ஸ்கேன். ஏ.சி. குளிர், அரை இருட்டு, 'இங்கே ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது' என்கிற போர்டு. டாக்டரம்மாவின் வலது கை ஸ்கேன் கருவியை என் மனைவியின் வயிற்றில் நகர்த்திக்கொண்டிருந்தது. இடது கை மெஷினின் பட்டன்களுக்கு நடுவே இருந்த ஒரு பந்தின் மேல். திரும்பிப் பார்க்காமலே உருட்டினார். திரையில் ஒரு சின்னப் புள்ளி ஓடிப்போய் குழந்தையின் தலையில் ஒரு ஓரத்தில் நின்றது. டக். இன்னொரு உருட்டு. மறு ஓரம். டக். "தலை அளவு சரியா இருக்கு" என்றார். அடுத்தது தொடை எலும்பு. உருட்டு, டக். உருட்டு, டக். மணிக்கட்டு இம்மி அசையவில்லை. அதுவும் இடது கை!

"குழந்தையைப் பாக்கறீங்களா, இல்ல அந்தக் குண்டைப் பாக்கறீங்களா?" என்று என் மனைவி கிள்ளினாள். கிள்ளியது வலது கையில். நான் 'ஆ' என்று அலறியதில் பட்டை ரகசியம் அங்கேயே உடைந்தது.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் வலிக்கும் சார். ஆனா பந்து உருட்டற கை இல்ல. இந்தக் கையும் தோளும்தான்."

வீட்டுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பித்தேன். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பார்கள். நான் எலியைக் கெல்லினேன். எலியின் தாத்தா கிடைத்தார்!

ஆமாம் சார், மௌஸைவிட இந்தப் பந்து மூத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம், 1946. பிரிட்டிஷ் கடற்படையின் விஞ்ஞானப் பிரிவில் ரால்ஃப் பெஞ்சமின் என்று ஒருவர். ஜெர்மனியில் பிறந்து, 1939-ல் அகதியாக இங்கிலாந்து வந்தவர். ரேடார் திரையில் தெரியும் விமானப் புள்ளியை 'இதுதான்' என்று மெஷினுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். அதற்கு ஜாய்ஸ்டிக் இருந்தது. அதைவிட நயமாக ஒன்று வேண்டும் என்று, ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு உலோகப் பந்தை உருளவிட்டார். 1947-ல் பேட்டன்ட். ஆனால் ராணுவ ரகசியம் என்று பூட்டி வைத்துவிட்டார்கள். மாதிரிக்குச் செய்த ஒன்றோடு சரி.

கனடாக்காரர்களும் 1952-ல் அதே வேலையைச் செய்தார்கள். அந்த நாட்டுக் கடற்படைக்காக, ஃபெரான்டி கம்பெனியின் கனடா கிளையில் டாம் க்ரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யான் டெய்லர் என்று மூவர். பந்துக்கு எங்கே போவது? அங்கே ஐந்து கட்டைகளை வைத்து ஆடுகிற பௌலிங் ரொம்பப் பிரபலம். அந்தப் பந்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்லவேளை, அதில் விரல் நுழைக்கிற ஓட்டைகள் கிடையாது. இதுவும் ராணுவ ரகசியம். இதற்குப் பேட்டன்ட்கூடப் போடவில்லை. (ரகசியம் ரகசியம் என்றே இரண்டு கடற்படைகளும் ராயல்டியைக் கோட்டை விட்டன. கணக்குப்பிள்ளைக்கு வயிறு எரிகிறது.)

மௌஸ் பிறந்தது அதற்கும் பிறகு, 1964-ல். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் மரத்தில் செய்து கொடுத்தார். அதன் வயிற்றில் பந்து கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரங்கள். பந்து எப்போது வந்தது? ஜெர்மனியில் விமானப் போக்குவரத்தைக் கவனிக்கிறவர்களுக்காக டெலிஃபுங்கன் கம்பெனி ஒரு டிராக்பால் செய்திருந்தது. அங்கே ரெய்னர் மாலேப்ரைன் என்கிற என்ஜினீயருக்கு ஒரு யோசனை: இதற்காக மேஜையில் ஓட்டை போடுவானேன்? கவிழ்த்துப் போட்டு, மேஜைமேல் ஓட்டினால் என்ன? 1968 அக்டோபரில் 'ரோல்குகெல்', அதாவது உருளும் பந்து, விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 9-ம் தேதி எங்கல்பார்ட் தன் மௌஸை சான்ஃபிரான்சிஸ்கோவில் ஊரறியக் காட்டுவதற்குச் சில வாரங்கள் முன்னால்! ஜெர்மன் பேட்டன்ட் ஆபீஸ் 'இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு?' என்று மாலேப்ரைனின் மனுவைத் தள்ளிவிட்டது. 1972-ல் பில் இங்கிலீஷே ஜெராக்ஸ் கம்பெனியில் பந்து வைத்த மௌஸ் செய்தார்.

நான் ஸ்கூலில் படித்தபோது கம்ப்யூட்டர் லேபில் எலியின் வயிற்றைத் திறந்து ரப்பர் பந்தைச் சுட்டுக்கொண்டு வந்து பெஞ்சுக்கு அடியில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். அது தாத்தாவின் சொத்து என்று அப்போது தெரியாது.

அப்புறம் ஏன் எலி ஜெயித்தது? பிடித்து நகர்த்துவதைக் கற்றுக்கொள்ள அரைமணி போதும். விலையும் மலிவு. மேஜையில் இடமிருந்தால் போதும். இடமில்லாத இடங்களில் பந்தே ராஜா. கப்பல் ஆடினால் மேஜையில் வைத்த எலி ஓடிவிடும்; பதித்த பந்து ஓடாது. 1991-ல் வந்த ஆப்பிள் பவர்புக் லாப்டாப்பின் நெஞ்சில் பந்துதான் இருந்தது. 1980-ல் 'மிஸைல் கமாண்ட்' வீடியோ கேமில் ஆறு நகரங்களை ராக்கெட் மழையிலிருந்து காப்பாற்றியதும் பந்துதான். 2006-ல் வந்த பிளாக்பெர்ரி பேர்ல் போனில் கடுகு சைஸில் ஒரு முத்து இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதே குடும்பம். சினிமாவுக்கு 'டி.ஐ.' செய்கிற மேஜையில் மூன்று பந்துகள் வரிசையாக இருக்கும்; நிழலுக்கு ஒன்று, நடு வெளிச்சத்துக்கு ஒன்று, பளிச்சென்ற பகுதிக்கு ஒன்று. ஹீரோயின் சிவப்பாகத் தெரிவது அந்த உருட்டில்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

டிராக்பாலில் இரண்டு ரகம். ஒன்று கட்டைவிரலால் உருட்டுவது. பார்க்க மௌஸ் மாதிரியே இருக்கும், பந்து ஓரத்தில். சீக்கிரம் பழகும். ஆனால் அநேகமாக வலது கைக்காரர்களுக்கென்றே செய்திருப்பார்கள். என் நண்பன் ஒருவன் வாங்கினான். இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வலி போயிற்று, கட்டைவிரல் வலி வந்தது. 'கட்டைவிரல் கணக்கு, பற்று. மணிக்கட்டுக் கணக்கு, வரவு' என்று ஒரு ஜர்னல் என்ட்ரி, அவ்வளவுதான். இன்னொரு ரகத்தில் பெரிய பந்து நட்ட நடுவில் இருக்கும். இரண்டு மூன்று விரல்களால் உருட்ட வேண்டும். இரண்டு கைக்கும் பொது. நான் வாங்கியது இந்த ரகம். 55 மில்லிமீட்டர் பந்து. கென்சிங்டன் கம்பெனி இதற்கு வைத்திருக்கிற பெயர் 'எக்ஸ்பர்ட் மௌஸ்'. கீழ் வீட்டு மாமா காலைத் தூக்கியதில் தப்பே இல்லை!

வாங்கியதும் டாக்டரம்மாவை மனசில் நினைத்துக்கொண்டு அதைக் கீபோர்டுக்கு இடது பக்கம் வைத்தேன். எட்டாயிரத்துக்கும் இதுதான் வவுச்சர். வலது கை நம்பர் பேடை விட்டு எங்கும் போகவேண்டாம்; இடது கை பந்தோடு இருந்துகொள்ளும். கோழிச் சிறகு உடம்போடு ஒட்டிக்கொண்டது. மௌஸை இடது கையில் பிடித்தால் புதிதாய்க் கையெழுத்துப் பழகுவது போல் இருக்கிறது. பந்துக்கு அந்தக் கஷ்டம் பாதிதான். முழுக்கையும் எதையும் கற்க வேண்டாமே, நாலு விரல் கற்றால் போதும்.

போதும் என்று சுலபமாக எழுதிவிட்டேன். முதல் வாரம் நரகம், சார். 'சேவ்' என்று குறி வைத்தால் அம்பு 'குளோஸ்'மேல் போய் உட்காரும். அம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவைத்த பிறகுதான் உயிர் வந்தது. மூன்றாம் நாள் அதை அட்டைப்பெட்டியில் போட்டு மூடினேன். பில்லை எடுத்துப் பார்த்தேன். மறுபடி திறந்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் விரல்கள் தாமாகப் போக ஆரம்பித்தன. இன்றைக்கும் எக்ஸெலில் நீளமாக இழுத்து செலக்ட் செய்வது சள்ளைதான். கட்டைவிரல் பட்டனை அமுக்கிப் பிடிக்க, மற்ற விரல்கள் உருட்ட... ஒற்றைக் கையால் தோசையும் திருப்பி சட்னியும் அரைக்கிற வித்தை. படம் வரைகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வலி போயிற்றா என்று கேட்கிறீர்கள். ஜூன் கடைசியில் டம்ளர் நழுவவில்லை. பந்தால் மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பயிற்சி செய்தேன், நாற்காலியை உயர்த்தினேன், அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்தேன். ஆகஸ்டில் மகள் பிறந்தாள். நர்ஸ் நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கினேன். மூன்று கிலோ. வலது கை ஒன்றும் சொல்லவில்லை.

பராமரிப்பு ரொம்பச் சுலபம். பந்து மூன்று குட்டி மணிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விரல் எண்ணெயும் தூசும் அங்கே சேர்ந்தால் பந்து திக்கும். பந்தை எடுத்துவிட்டு ஒரு துடை, தீர்ந்தது. அடியில் இருக்கிற மின்கண் பந்தின் மேலுள்ள புள்ளிகளைப் பார்த்துத்தான் அசைவைக் கண்டுபிடிக்கிறது. இந்த விவரத்தை என் அம்மாவுக்குச் சொல்லி வைக்கவில்லை. 2022 ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவள், பந்துக்குத் தாராளமாகச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். விஜயதசமியன்று வேலையைத் தொடங்கினால் அம்பு சாமி வந்த மாதிரி ஆடியது! "பிள்ளையார் வாகனத்தை ஒதுக்கி வெச்சே இல்ல... அதான்" என்றாள் அம்மா.

இதற்குள் அண்ணாச்சி கடையில் வேறொரு சங்கதி நடந்தது. பில் போடுகிற பெண், ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அந்தப் பந்து எவ்ளோ?" அன்றைக்கு எல்லோரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. கையைக் கழுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்தே பிடித்திருந்தாள். ஏழு மாதமாக வலியாம். "சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்கண்ணா."

விலையைச் சொன்னேன். மலைத்துப்போனாள். என்னுடையதை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். "பந்து வேணாம்ணா. மௌஸையே இடது பக்கம் தூக்கி வெச்சுட்டேன். நாலு நாள் தடுமாறிச்சு. இப்ப பரவால்ல. டாக்டரையும் பாத்துட்டேன்." செலவு, டாக்டர் ஃபீஸ் தவிர, சைபர். பி.காம். நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

2023 ஜூலை 20. அண்ணாச்சி கடை ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ராத்திரி பத்தரை மணிக்கு உட்கார்ந்தால் பீடம் இருக்கிறது, சாளக்கிராமத்தைக் காணோம்! மகள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த சமயம். குற்றவாளி தொட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் தேடினோம், பீரோவுக்குப் பின்னால் தேடினோம், ஷூவுக்குள் தேடினோம். பழைய மௌஸை டிராயரிலிருந்து எடுத்தேன். பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பதினொன்றே கால். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்: "இங்க வாங்க!"

கீழ்த்தட்டில், அவள் வழக்கமாக இழுத்துப்போட்டு விளையாடுகிற பாத்திரங்களுக்கு நடுவே இட்லித் தட்டு. அதன் குழியில், அளவெடுத்து வார்த்த மாதிரி, கறுப்பாக ஒரு இட்லி.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. காலையில் அண்ணாச்சி போன் செய்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு லேட்டு? கை வலியா?"

"இல்ல அண்ணாச்சி. இட்லி வேக லேட்டாயிருச்சு!"